நாகலிங்கம் வாசித்த பேப்பர்

கஹவத்தை பஸார் கோடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த நாகலிங்கத்துக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும் என்பதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. காலை ஏழு மணிக்குச் சிங்களப் பேப்பரை விரித்துப் பிடித்து, மந்திரி எங்கே போனார், தேங்காய் என்ன விலை என்று தமிழில் சொல்லிக்கொண்டே போவார். பிளேன்டீ குடிக்க வந்த தோட்டத்துச் சனம் வாய் பிளந்து கேட்கும். அத்தனையும் ஆறு மணிக்கு அடுப்படி றேடியோ சொன்ன செய்தி. மனிதர் சிங்களம் பேசுவதில் சூரர்தான். எழுத்தில் தெரிந்தது தன் பெயர் மட்டும். அதையும் ஒரு தோட்டத்துக் கிளாக்கர் படம் வரைவது போல் வரையப் பழக்கியிருந்தார். தலையிடி மாத்திரை விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு பாராளுமன்றத்தைப் பற்றிப் பேச ஒரு திறமை வேண்டும்தான்.

அந்தத் திறமையை முழுக்க நம்பியவள் அவருடைய தங்கச்சி கருப்பாயி. முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்தவள், கைநாட்டு. வேலையை விட்டபோது கிடைத்ததில் ரோட்டோரம் பதினைந்து பேர்ச் காணி வாங்கி, தகரக் கூரை போட்டு, தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வெளியே வந்தாள். அவர்கள் குடும்பத்தில் சொந்த மண்ணில் அடுப்பு மூட்டிய முதல் ஆள் அவள்தான். கரன்ட் மட்டும்தான் குறை.

தொண்ணூற்றெட்டில் அந்தக் குறையைத் தீர்க்க வந்தான் பக்கத்துக் காணிக்காரன், ஹார்ட்வெயார் கடை சுரேந்திரன். மூன்று மாதமாக நாகலிங்கத்தின் கடையில் பிளேன்டீ குடித்தபடி, பேப்பரில் இருப்பதையும் அவர் சொல்வதையும் ஒத்துப் பார்த்து வைத்திருந்தவன் அவன். அது அப்போது யாருக்குத் தெரியும்?

"கரன்ட் எடுக்குற போம் அக்கா. என் லைனோட சேத்து எழுதிட்டேன். நம்பிக்கை இல்லாட்டி அண்ணன்கிட்ட காட்டுங்க."

"நம்பாம என்ன தம்பி. சும்மா, அண்ணே, ஒருக்கா பாருங்க."

கடையில் ஆறேழு பேர் இருந்தார்கள். நாகலிங்கம் கண்ணாடியை மூக்கில் இறக்கி, சிங்களத்தில் அடித்திருந்த இரண்டு பக்கத்திலும் விரலை ஓட்டினார்.

"கரன்ட் பேப்பர்தான். வை தங்கச்சி."

அவள் பெருவிரலை வைத்தாள். கீழே சாட்சியாக அவர் தன் பெயரை வரைந்தார், வால் சுழித்து.

கரன்ட் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து, காணியை அடைக்க முள்ளுக்கம்பியோடு சுரேந்திரனின் ஆட்கள்தான் வந்தார்கள். சுரேந்திரன் அதே தாளைக் காணி உறுதி என்று எடுத்துக் காட்டினான்: கருப்பாயி முழுக்காசும் வாங்கிக்கொண்டு, உறுதி எழுதும் நொத்தாரிசு முன்னிலையில் காணியை விற்றுவிட்டாளாம்.

வழக்கு நாலு வருஷம் இழுத்தது. கைநாட்டு அவளுடையது, கையெழுத்து இவருடையது. எல்லாம் தன் கந்தோரில் நடந்ததாக நொத்தாரிசே சத்தியம் செய்தார். கருப்பாயியின் லோயர் கடைசியில் சொன்னார், வாசிக்கத் தெரியாமல், தேத்தண்ணிக் கடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டதை நாகலிங்கமே ஒத்துக்கொண்டால்தான் வழி என்று. ஊர் முகத்தில் எப்படி முழிப்பது என்று ஒரு மாதம் புழுங்கிவிட்டு, அவர் கூண்டில் ஏறினார்.

"எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாதுங்க."

நல்ல காரியம். ஆனால் மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறக்குமுன், பழக்கதோஷத்தில், அதைச் சுத்தமான சிங்களத்தில் சொல்லித் தொலைத்தார். நீதிபதி தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

அதற்குப் பிறகு சுரேந்திரனின் லோயர், பேக்கரி அஸீஸைக் கூப்பிட்டார். அஸீஸ் பாவம், நாகலிங்கத்துக்கு நல்லது செய்வதாகவே நினைத்தான்.

"பத்து வருஷமா தெனமும் பேப்பர் வாசிக்கிறாரு சேர். அவரு வாசிச்சுத்தான் எங்களுக்கு நாட்டு நடப்பே தெரியும்."

அந்த லோயர் நாகலிங்கத்தை மறுபடி கூண்டில் ஏற்றி, ஒரு சிங்களப் பேப்பரை நீட்டி வாசிக்கச் சொன்னார். நாகலிங்கம் அதைப் பிடித்தபடி நின்றார். அன்று காலை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் றேடியோகூடக் கேட்டிருக்கவில்லை.

"வாசிக்காம நிக்க யாருக்கும் முடியும்," என்றார் லோயர்.

இரண்டாயிரத்து நாலில் சுரேந்திரன் பக்கம் தீர்ப்பு வந்தது. அந்த மாதமே கோட்டிலிருந்து பிஸ்கால் வந்து, வீட்டை விடச் சொல்லும் கட்டளையைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். கருப்பாயி சட்டி பானையைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். மகள் விஜயகலாவின் லயத்துக் காம்பராவில் ஒரு மூலை ஒதுக்கி வைத்திருந்தார்கள். நாகலிங்கம் சாக்கைத் தூக்கக் குனிந்தார்.

"அத வைங்க. கதவுல என்னா போட்டிருக்கு, வாசிங்க."

"எனக்குத் தெரியாது தங்கச்சி. சத்தியமா தெரியாது."

"கோட்டுல லோயர் சொல்லிக் குடுத்தபடி சொன்னீங்க, சரி. இங்க யாரு இருக்கா?"

"கோட்டுல சொன்னதும் நெசம்தான்."

"எத்தன வருஷம் வாசிச்சீங்க. நானும் உக்காந்து கேட்டேன்தானே." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "அவன் எவ்வளவு குடுத்தான்னு மட்டும் சொல்லிருங்கண்ணே. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். நடுவில் இரண்டு மூன்று எழுத்துகள் அவர் பெயரில் வருகிறவை. மற்றதெல்லாம் வளையம் வளையமாக இருந்தது.

கருப்பாயி சாக்கைத் தலையில் ஏற்றி, மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தோட்டத்துப் பாதையில் இறங்கினாள்.