மழைக்கு முந்திப் பதினாலு பாத்தி

ஏழாயிரம்பண்ணைக்கு மேற்கே வானம் கருத்து வந்த நேரத்தில் நாகையாவிடமிருந்து போன். மகளிர் குழுவின் மினி டிராக்டரை ஓட்டுகிறவர் அவர்தான்; வண்டி காட்டிலேயே நின்றது.

"சாத்தூர்ல மாட்டிக்கிட்டேன் தாயி. வர சாயங்காலம் ஆயிரும்."

வீரலட்சுமி வரப்பைத் திரும்பிப் பார்த்தாள். தட்டுத்தட்டாக மிளகாய் நாற்று நடவுக்குக் காத்திருந்தது. போன வருஷம் சமதரையில் நட்டதெல்லாம் ஒரே மழையில் தண்ணீர் தேங்கி அழுகிப்போனது. அதனால் இந்தத் தடவை மேட்டுப்பாத்திதான் என்று அவளும், கூட்டுக்கு நிலம் கொடுத்த நர்ஸ் பெர்சிஸும் முடிவு செய்திருந்தார்கள்.

"சிஸ்டர், நான் ஓட்டவா?"

"உழவு ஓட்டுவ. பாத்தி போட்டதில்லையே?"

"நாகையா அண்ணன் போடும்போது கூடவே நடந்து பாத்திருக்கேன். மளை விளுந்துட்டா கரிசல்ல கால் வைக்க முடியுமா? சொல்லுங்க."

பெர்சிஸ் வானத்தைப் பார்த்தாள். "ஏறு" என்றாள்.

பத்து வருஷம் பட்டாசுக் கம்பெனியில் சத்தமில்லாமல் உட்கார்ந்து திரி வெட்டியவள் வீரலட்சுமி. எஞ்சின் உறுமியதும் உடம்பெல்லாம் துள்ளியது. பின்னால் மாட்டியிருந்த பாத்திக் கருவியை இறக்கினாள். இரண்டு பக்கத் தகடும் மண்ணை அள்ளி நடுவில் குவித்தன. திரும்பிப் பார்த்தால், பாத்தி ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் சரிந்தும் கிடந்தது.

"கட்டிலு ஒருகால் ஒடிஞ்ச மாதிரி இருக்கு!" பெர்சிஸ் சிரித்துவிட்டாள்.

வீரலட்சுமி குதித்து இறங்கிக் குனிந்து பார்த்தாள். இடப்பக்கத் தகடு ஆழமாக இறங்கியிருந்தது. கருவியைத் தூக்கிப் பிடித்திருந்த வலது கம்பியில் ஒரு திருகுப்பிடி இருந்தது. அதை நாலு சுற்றுச் சுற்றி, எட்ட நின்று மட்டம் பார்த்து, இன்னொரு சுற்றும் கொடுத்தாள்.

அடுத்த பாத்தி கோடு போட்டாற்போல் எழும்பியது.

"ஏ லட்சுமி!" பெர்சிஸ் கையை உயர்த்திக்கொண்டு கூடவே ஓடிவந்தாள். "அப்படியே போ, அப்படியே போ!"

மூன்று, நாலு, எட்டு. ஈரக்காற்று முகத்தில் அடித்தது. கோணிப்போன முதல் பாத்தியையும் மறுபடி ஓட்டிச் சரிசெய்தாள். பதினாலாவது பாத்தி முடிந்து கருவியைத் தூக்கவும் முதல் துளி பானட்டில் விழவும் சரியாக இருந்தது.

இருவரும் வேப்பமரத்தடிக்கு ஓடவில்லை. நனைந்துகொண்டே பார்த்தார்கள். தண்ணீர் பாத்திகளின் ஊடே வாய்க்காலாகப் பிரிந்து, ஓடைப் பக்கம் ஓடியது. ஒரு பாத்திகூடக் கரையவில்லை.

"நிக்கிது சிஸ்டர்! எல்லாம் நிக்கிது!"

பக்கத்துக் காட்டுச் சங்கையா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வரப்பில் வந்து நின்றார்.

"மண்ணு காஞ்சு வெட்டாப்பானதும் எங்க காட்டுக்கும் வாறியா தாயி?"

வீரலட்சுமி முகத்து நீரை வழித்தெறிந்தாள்.

"வாறேன் மாமா. வெங்காயமா, மிளகாயா? அதுக்குத் தக்கன அகலம் வைக்கணும்ல?"