வோட்டு வண்டி

விடியற்காலையில் முதல் வாந்தி. மத்தியானத்துக்குள் ஜெபராணியின் கண்கள் குழிக்குள் போய்விட்டன. விரல்கள் தண்ணீரில் வெகுநேரம் ஊறியவை போலச் சுருங்கிக் கிடந்தன. அவள் புருஷன் பாக்கியசீலன் அவற்றைத் தேய்ப்பதும், வாசலுக்கு ஓடிப் பார்ப்பதுமாக இருந்தான். பாளையங்கோட்டை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால் பிழைத்துக்கொள்வாள். ஆனால் வண்டிதான் கிடைக்கவில்லை. அன்று நகரசபைத் தேர்தல். ஊரிலிருந்த வண்டிகளையெல்லாம் சிவசண்முகம் முந்தின நாளே தம் ஆட்களுக்கென்று பேசி முடித்திருந்தார்.

வாய்க்கால் தண்ணீரைக் குடித்துத்தான் வண்ணார்பேட்டையில் அந்தத் தெருவுக்கு வருஷந்தோறும் வாந்திபேதி வந்தது. பொதுக்கிணறு கேட்டபோதெல்லாம் தட்டிக் கழித்தவர் நகரசபை மெம்பரான சிவசண்முகம். இந்தத் தடவை அவரை எதிர்த்துப் புகையிலைக் கடை முகம்மது இப்ராஹிம் நின்றார். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாரான பாக்கியசீலன் அவருக்காக வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தான். வரி கட்டுகிறவர்களுக்கு மட்டுமே வோட்டு. இவன் வீட்டுக்கு வரி உண்டு.

வாசலில் வண்டி வந்து நின்றது. சிவசண்முகத்தின் காரியக்காரன் மாரிக்கண்ணு இறங்கினான்.

"வாத்தியாரே, வாரும். வோட்டு நேரம் முடியப்போவுது. ஒரு வோட்டையும் விடக்கூடாதுன்னு மொதலாளி உத்தரவு."

பாக்கியசீலன் வண்டியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டான். "வீட்ல சுகமில்லவே. இந்த வண்டியில ஆஸ்பத்திரிக்கு..."

"என்ன சீக்கு?"

வாந்திபேதி என்றால் வண்டி நிற்காது. "காய்ச்சல்" என்றான்.

மாரிக்கண்ணு அவன் முகத்தை நிதானமாகப் பார்த்தான். "சர்க்கார் கச்சேரிக்கு வந்து எங்க மொதலாளி பேரச் சொல்லும். பொறவு வண்டி ஒமக்குத்தான். அவள எங்கன வேணும்னாலும் கொண்டு போவும்."

உள்ளே போய் ஜெபராணியின் நெற்றியைத் தொட்டான். பனையோலைப் பெட்டியைத் தொட்டதுபோல் இருந்தது; சூடும் இல்லை, ஈரமும் இல்லை. "இந்தா வந்துட்டேன்" என்றான். அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. பார்த்துக்கொள்ள ஆள் யாருமில்லை. அக்கம்பக்கத்தில் எல்லாக் கதவுகளும் சீக்குக்குப் பயந்து காலையிலேயே சாத்திக்கொண்டன.

வோட்டுச் சீட்டு கிடையாது; கச்சேரியில் அதிகாரி முன்னால் நின்று, யாருக்கு வோட்டு என்று பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரு தரப்பாரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். இப்ராஹிம் இவனைக் கண்டதும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். பாக்கியசீலன் அந்தப் பக்கம் திரும்பாமல் அதிகாரி முன்னால் போய் நின்றான். கர்த்தரே என்று மனசுக்குள் கூப்பிட்டான்.

"யாருக்கு?" என்றார் அதிகாரி.

"சிவசண்முகம்."

"சத்தமாச் சொல்லும்."

சத்தமாகச் சொன்னான். இப்ராஹிம் தலையைக் குனியவில்லை. இவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தார், கோபம்கூட இல்லாத பார்வை. அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் வெளியே ஓடி வண்டியில் ஏறினான்.

வீட்டு வாசலில் வண்டிக்காரன் உள்ளே எட்டிப் பார்த்தான். நாற்றமே அவனுக்குச் சொல்லிவிட்டது. "ஏ சாமி! இதுவா காய்ச்சலு? எனக்கும் பிள்ளகுட்டி இருக்குய்யா!" என்றபடி மாட்டை அடித்துக் கிளப்பினான். பாக்கியசீலன் பின்பலகையைப் பிடித்துத் தொங்கினான். வண்டி அவனைத் தெருமுனைவரை இழுத்துப்போய்ப் புழுதியில் உதறிவிட்டுப் போனது.

முழங்கால் கிழிந்து அவன் திரும்பி வந்தபோது இப்ராஹிம் வாசலில் நின்றார். மூச்சு வாங்கியது. கச்சேரியிலிருந்து நடந்தே வந்திருக்கிறார்.

"நீரு அந்தப் பேரச் சொன்னதுமே வீட்டுல என்னமோ நடந்துட்டுன்னு தெரிஞ்சிட்டு" என்றார்.

"அண்ணாச்சி, நான்..."

"அத விடும். கட்டில அந்தப் பக்கம் பிடியும். பைய."

ஜெபராணி கிடந்த கயிற்றுக் கட்டிலை இருவரும் தலைக்குமேல் தூக்கினார்கள். இப்ராஹிம் முன்னால், அவன் பின்னால். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கட்டிலிலிருந்து சொட்டியது அவன் தோளில் விழுந்து வழிந்தது. ஒவ்வொரு அடிக்கும் அவள் மூச்சு கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டே நடந்தான்.

பாளையங்கோட்டை ரோட்டில் எதிரே மேளச்சத்தம் வந்தது. சிவசண்முகம் ஜெயித்துவிட்டார். குதிரைவண்டியில் மாலையும் கழுத்துமாக நின்றிருந்தார், சுற்றிலும் கூட்டம். இப்ராஹிம் ஒதுங்கவில்லை, நடையையும் குறைக்கவில்லை. கூட்டத்தில் ஒருவன் கட்டிலைப் பார்த்து, "லே, வாந்திபேதிலே!" என்று கத்தினான். ஜனம் இரண்டாகப் பிளந்து ரோட்டோர முள்ளுக்குள் விழுந்தடித்து ஓடியது. குதிரை மிரண்டு திரும்பியது. மேளக்காரன் கையை ஓங்கியபடியே நின்றுவிட்டான்.

அந்த அமைதியில், வெறிச்சோடிய ரோட்டின் நடுவே, கட்டிலிலிருந்து ஜெபராணியின் குரல் கேட்டது.

"தண்ணி."