மூன்றாம் மாடிக்குப் போன வழக்கு

எங்கள் கவுண்டியில், அதாவது எங்கள் மாவட்டத்தில், ஒருவன் மேல் பெருங்குற்ற வழக்கு இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் கோர்ட்டுக்கு வந்து பார்க்கலாம். எதற்குப் பார்க்கிறாய் என்று கேட்க எங்களுக்கு உரிமை கிடையாது. முழுப் பெயரும் பிறந்த தேதியும் தெரிந்தால் போதும். என் ஜன்னலுக்கு வெளியே சுவரோரமாக ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறோம். பெயரைத் தட்டினால் வழக்கு எண் வரும். அதைச் சீட்டில் எழுதி நீட்டினால் நான் ஃபைலை எடுத்துத் தருவேன். பதினேழு வருஷமாக இதுதான் என் பிழைப்பு.

இதில் ஒரு கோளாறு உண்டு. பெருங்குற்ற வழக்குகள் எல்லாம் கீழ்த்தளத்தில், என் ஜன்னலில்தான் ஆரம்பமாகும். கீழ்க்கோர்ட் நீதிபதி முதல் விசாரணை செய்து, வழக்கில் விஷயம் இருக்கிறது என்று கண்டால் மூன்றாம் மாடியில் இருக்கும் பெரிய கோர்ட்டுக்கு அனுப்பிவிடுவார். ஃபைலும் கூடவே போய்விடும். அங்கே அதற்குப் புது எண், வேறு கம்ப்யூட்டர். அதோடு என் கம்ப்யூட்டர் அந்த வழக்கைக் கைகழுவிவிடும். அந்தப் பெயரைத் தட்டினால் 'இங்கே நிலுவையில் வழக்கு எதுவும் இல்லை' என்று பச்சை எழுத்தில் காட்டும். இரண்டையும் இணைக்கப் போகிறோம் என்று நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இணைத்துக் கிழித்தார்கள். வக்கீல்களுக்கு இது தெரியும். ஜெயிலுக்குப் போய் வந்தவனுக்குக்கூடத் தெரியும். பயந்துபோய் முதல் தடவை வருகிற ஜனங்களுக்குத்தான் தெரியாது.

முன்பெல்லாம் நானே சொல்லிவிடுவேன். என் வாய் சும்மா இருக்காது. இங்கே பார்த்தால் ஆயிற்றா, லிஃப்ட் ஏறி மேலேயும் போய்ப் பாருங்கள் என்று ஜன்னல் வழியாகவே கத்துவேன். போன வருஷம் ஏப்ரலில் வீடு வாடகைக்கு விடும் ஒருவரை அப்படித்தான் மேலே அனுப்பினேன். அவர் அங்கே அதே பெயருள்ள வேறு எவனோ ஒருவனுடைய வழக்கைப் பார்த்துவிட்டு, குடிவர இருந்தவனுக்கு வீடு கிடையாது என்று சொல்லிவிட்டார். அந்த அப்பாவி இரண்டு குழந்தைகளோடு மூன்று வாரம் காரில் படுத்துக் கிடந்திருக்கிறான். அவனுடைய வக்கீல் என் பெயரைப் போட்டுக் கடிதம் எழுதினார். மேலதிகாரி லிண்டல் என்னைக் கூப்பிட்டு மெமோவை நீட்டினார். உன் ஜன்னலுக்குள் இருப்பதை மட்டும் சொல், மாடியைப் பற்றி மூச்சு விடாதே, இன்னொரு மெமோ வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார்.

என் கணவர் வாரனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். என் வேலையோடு வருகிற இன்சூரன்ஸ்தான் அவரை ஓட்டிக்கொண்டிருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கே வாயை மூடிக்கொண்டேன்.

அக்டோபரில் நோரீன் ஸ்டாக்கர் வந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். அவசரமாக வந்ததில் தலையில் போட்டிருந்த வலையை எடுக்கவும் மறந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். கம்ப்யூட்டர் முன்னால் நின்று ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிக்கொண்டிருந்தாள். எனக்கே பொறுக்காமல் வெளியே போய் உதவினேன். பெயர் என்ன என்று கேட்டேன். கோல்பி ரென் என்றாள்.

கோல்பி ரென்னின் ஃபைலை ஆகஸ்ட்டில் மேலே அனுப்பச் சீல் குத்தியவளே நான்தான். கூட இருந்த பெண்ணின் கழுத்தை நெரித்தவன் அவன். அவள் கழுத்தைப் போட்டோ எடுத்து ஃபைலுக்குள் வைத்திருந்தார்கள். அந்தப் பெண் எப்படியோ பிழைத்துக்கொண்டு வேறு மாநிலத்துக்கு ஓடிவிட்டாள். இவன் ஜாமீனில் வெளியே திரிந்துகொண்டிருந்தான்.

நோரீன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். அவளுக்கு ஒரே பெண், டெஸா, இருபத்து நான்கு வயது. சனிக்கிழமை அந்தப் பையனோடு குடிபோகிறாளாம். முடிதிருத்தும் கடையில் யாரோ அவனைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார்கள். மகளிடம் சொன்னால், ஊர் வம்பையெல்லாம் நம்பாதே, கோர்ட்டிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டு, போகவே மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். "அவ சொன்னா சொன்னதுதான் மேடம். காயிதம் காட்டிட்டா போமாட்டா" என்றாள் நோரீன்.

பச்சை எழுத்து வந்தது. நோரீன் அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணும் இல்லன்னு போட்டிருக்கு. வேற எங்கயாவது பாக்கணுமா மேடம்?"

இதைவிட நேராக ஒரு மனுஷி எப்படிக் கேட்பாள்? மூன்றாம் மாடி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் லிண்டல் காப்பிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார். என்னைத்தான் பார்த்தாரா, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"இங்க இருக்கிறத மட்டுந்தான் நான் சொல்லலாம். சந்தேகம்னா ஒரு வக்கீல கேட்டுக்கோங்க" என்றேன்.

வக்கீலுக்கு அவள் எங்கே போவாள்! அந்தப் பச்சை வரியையே தாளில் எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டாள். முடியும், அது என் வேலை. எடுத்துக் கொடுத்தேன். மகள் நம்பவேண்டும், சீல் வேண்டும் என்றாள். கவுண்டியின் சீலையும் குத்தினேன். அவள் முகம் தெளிந்துவிட்டது. நல்ல பையனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு, எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வாரனை நினைத்துக்கொண்டேன். பிறகு வந்து அடுத்த ஆளைக் கவனித்தேன்.

அடுத்த வாரம், வேலை முடிந்து காருக்குப் போகும்போது நோரீன் வழிமறித்தாள். கையில் சுட்ட தகர அச்சோடு ஒரு பூசணி ரொட்டி, இன்னும் சூடு ஆறவில்லை. டெஸா புது வீட்டு அடுப்பில் முதன்முதலாகச் செய்தது, கோர்ட் மேடத்துக்கு ஒன்று கொண்டுபோய்க் கொடு என்று அவளே அனுப்பினாளாம். "உங்க காயிதத்த ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கா. என்னைப் பாக்கும்போதெல்லாம் அதக் காட்டிச் சிரிக்கிறா, சண்டாளி" என்றாள் நோரீன். அச்சின் அடியில் ஒட்டுத்தாளில் டெஸா என்று பேனாவால் எழுதியிருந்தது. எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் பாத்திரத்தில் பெயர் ஒட்டுவோம், திருப்பிக் கொடுக்க வசதியாக.

அங்கே லிண்டல் இல்லை. கண்ணாடி இல்லை. நான் சொன்னேன் என்பதற்குச் சாட்சியும் இல்லை. அவள் என் வீட்டுக்காரரைப் பற்றி விசாரித்தாள். டயாலிசிஸ் கதையை எல்லாம் சொன்னேன். அவள் என் தோளைத் தடவிக்கொடுத்தாள். எல்லாவற்றையும் பேசினேன், அந்த ஒன்றைத் தவிர. இப்போது போய்ச் சொன்னால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்ற வெட்கம். லிண்டல் மேல் பழியைப் போட்டு நான் தப்பிக்க முடியாது. முதல் தடவை பயந்தேன், சரி. இரண்டாம் தடவை வெறும் வெட்கம்தான்.

ரொட்டியை நானும் வாரனும் தின்றோம். நன்றாகவே இருந்தது. அச்சை ஆபீஸ் குழாயில் கழுவி, சாயங்காலம் போகிற வழியில் கொடுத்துவிடலாம் என்று மறுநாள் எடுத்துவந்தேன். ஆனால் அந்தப் பெயரைப் பார்த்தபடி அதைக் கழுவ என்னால் முடியவில்லை. கீழ் டிராயரில் தள்ளி மூடினேன். நோரீனின் விலாசத்தை ஒரு சீட்டில் எழுதி, போய்ச் சொல்லிவிடலாம், திங்கட்கிழமை போகலாம் என்று கைப்பையில் வைத்துக்கொண்டே அலைந்தேன். அந்தச் சீட்டு இன்னும் கைப்பையில்தான் இருக்கிறது.

பிப்ரவரி இரண்டாம் வாரம் கோல்பி ரென் மேல் புது வழக்கு வந்தது. நான்தான் சொன்னேனே, எல்லா வழக்கும் என் ஜன்னலில்தான் ஆரம்பமாகும் என்று. கொலை. இறந்தவர் பெயர் டெஸா ஸ்டாக்கர். நான் அதற்கு எண் போட்டேன், சீல் குத்தினேன். வேறு யாரையாவது செய்யச் சொல்லுங்கள் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

மார்ச்சில் நோரீன் வந்தாள். வரிசையில் நின்று, தன் முறை வரும்வரை காத்திருந்து, ஜன்னலுக்கு முன்னால் வந்தாள். கையில் மூன்றாம் மாடியில் வாங்கிய நகல் கட்டு. அரசு வக்கீல் அவளை மேலே போய்ப் பழைய வழக்கின் நகலை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். முதல் பக்கத்தைப் பிரித்து என் பக்கமாகத் திருப்பி வைத்தாள். கீழ்க்கோர்ட்டிலிருந்து மேல் கோர்ட்டுக்கு அனுப்பிய உத்தரவு. அதன் ஓரத்தில் என் கையெழுத்து.

"இது நீங்க போட்டதா?"

"ஆமா."

"ஆகஸ்ட்டுன்னு இருக்கு."

"ஆமா."

"நான் வந்தது அக்டோபர்ல." அவள் கத்தவில்லை. "அன்னிக்கு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வருஷத்துக்கு ஆயிரம் ஃபைல் போகிறது, யார் நினைவு வைத்துக்கொள்வார்கள் என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். அவளும் நம்பியிருப்பாள். நம்பத்தான் ஆசைப்பட்டாள், பாவி மகள், கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"தெரியும்" என்றேன்.

மெமோவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள். வரிசையில் பின்னால் நின்ற ஆள் இருமினான். நோரீன் நகல்களை ஒவ்வொன்றாக அடுக்கி உறைக்குள் போட்டாள். ஒரு தாள் கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?" என்றாள்.

"இருக்கார்."

"ம்." உறையைக் கைப்பைக்குள் வைத்தாள். "அந்த ரொட்டி அச்சு உங்ககிட்டதான இருக்கு? குடுங்க. அவ சாமான் எல்லாத்தயும் போலீசு எடுத்துட்டுப் போயிடுச்சு. எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

கீழ் டிராயரைத் திறந்தேன். அச்சு போட்ட இடத்திலேயே கிடந்தது. ஓரத்தில் ரொட்டித் துணுக்குகள் காய்ந்து கறுத்து ஒட்டியிருந்தன. ஒரு நிமிஷம் இருங்கள், கழுவிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்தேன்.

ஜன்னலுக்குள் கையை நீட்டி அச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"கழுவாதீங்க" என்றாள். "அது அவ செஞ்சது."