மேப்பிள்டன் இழைப்புளியும் திருவாளர் நஞ்சப்பனும்

மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டது வசந்தாமணி. புத்தகத்தில் பெயர் வந்ததோ அவள் புருஷனுக்கு.

அந்தக் காலத்தில் மேப்பிள்டன் என்றொரு கடை, தச்சர்கள் மரம் சீவும் இழைப்புளி விற்றது. கடைக்காரன் இழைப்புளி செய்வானா? எவனையோ இரும்பில் வார்க்கச் சொல்லித் தன் பெயரைப் பொறித்துக்கொண்டான். செய்தவன் யார் என்று அமெரிக்காவின் ரிச்சர்ட்சன் ஊர்ப் பழங்கருவிச் சங்கத்துப் பெரிய மனிதர்களுக்கே பிடிபடவில்லை. வசந்தாமணி, வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் கராஜ் சேல் கராஜ் சேலாக அலைந்து ஒன்பது மேப்பிள்டன் வாங்கினாள். ஒவ்வொன்றாகத் திருகு கழற்றிப் பார்த்தாள். தகடு உட்காரும் இடத்துக்கு அடியில், வெளியே தெரியாத மூலையில், ஒன்பதிலும் அவரைவிதை அளவு ஒரு புடைப்பு. அதே புடைப்பு, வெல்ட்ரம் என்ற வார்ப்பு ஆலை தன் பெயரிலேயே விற்ற இழைப்புளியிலும் இருந்தது. ஆள் அகப்பட்டான்! பதினாறு பக்கம் எழுதி அனுப்பினாள். சங்கமும் ஒப்புக்கொண்டு, தான் போடும் புத்தகத்தில் சேர்த்தது.

அனுப்பியவர் பெயர் வசந்தாமணி நஞ்சப்பன். அமெரிக்காவில் கடைசிப் பெயர்தானே பெயர்? "கண்டுபிடித்தவர்: திருவாளர் நஞ்சப்பன்" என்று அச்சடித்துவிட்டார்கள்.

வெளியீட்டு விழாவில் ஆளாளுக்கு நஞ்சப்பன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இழைப்புளியில் முன் எது, பின் எது என்று தெரியாத மனிதர். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஒரு கிழவர் கேட்டதற்கு, "என் மனைவியும் கொஞ்சம் உதவுவாள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவைத்தார். வசந்தாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, கொஞ்சமா?"

"அட உடு வசந்தா. எம்பேரு வந்தா என்ன, உம்பேரு வந்தா என்ன? ஒரே ஃபேமிலிதான? இங்க சீன் கிரியேட் பண்ணாத."

"ரெண்டும் ஒண்ணுன்னா எம்பேரே வந்திருக்கலாமுங்களே!"

சங்கத் தலைவர் டேல் மைக்கைப் பிடித்து, "மிஸ்டர் நஞ்சப்பன்!" என்று கூப்பிட்டார். நஞ்சப்பன் காலரைச் சரிசெய்துகொண்டு பாதி எழுந்தார். வசந்தாமணி அவர் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டுத் தானே மேடை ஏறினாள். நீட்டிய சான்றிதழைத் தொடவில்லை.

"நஞ்சப்பன் என் கணவர். கண்டுபிடித்தது நான்" என்று ஆங்கிலத்தில் அழுத்தந்திருத்தமாகச் சொன்னாள்.

டேலுக்குக் காது சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டார். எண்பது பிரதி அச்சாகிவிட்டதாம். அடுத்த பதிப்பில் திருத்திவிடலாமாம்.

"அடுத்த பதிப்பு எப்போது?"

"பத்து வருஷமாவது ஆகும்."

"பேனா கொடுங்கள்."

எண்பதையும் மேசையில் அடுக்கச் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். திருத்தாமல் ஒரு புத்தகமும் வாசலைத் தாண்டாது என்றாள். தாண்டவுமில்லை.

ஏழாவது புத்தகத்தில் இருக்கும்போது நஞ்சப்பன் கார்ச் சாவியோடு வந்து நின்றார்.

"கிளம்பலாமா? ஃப்ரீவேல டிராஃபிக் ஆயிரும்."

அவள் இன்னொரு பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"உக்காருங்க. உங்க பேரை நீங்களே அடிச்சுக் குடுங்க. எம்பேரை நான் எழுதிக்கறேன்."