மார்ச் மூன்றின் மின்னூட்டம்

மூன்றாம் முறையும் என் செல் சுழியத்தில் தொடங்கியது. மின்சாரம் நின்றாலும் நினைவை இழக்காத ஒரு மெமரி செல்லின் நடத்தையை, மின்சுற்றுகளை விவரிக்கும் வெரிலாக்-ஏ மொழியில் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதும்போது மின்னூட்டம் ஏறியது, அழிக்கும்போது இறங்கியது. ஆனால் சிமுலேஷனை நிறுத்தி மறுபடி ஓட்டினால், முன்பு ஏறியது எதுவும் அதில் மிச்சமில்லை.

பக்கத்து மேசையிலிருந்து முகமது ரியாஸ் எட்டிப் பார்த்தான்.

"முடியறப்ப மின்னூட்டத்த ஒரு ஃபைல்ல எழுதோணும், தொடங்கறப்ப அதையப் படிக்கோணும். செவ்வந்தி அப்பவே செஞ்சுபோட்டாங்களே, கதிரேசன்."

செவ்வந்தி என் மனைவி. இதே ஆய்வகத்தில்தான் இருந்தாள். மஞ்சள் காமாலை. அவள் போய் ஏழு மாதமாகிறது. அவள் மேசையில் இப்போது பிரிண்டர் இருக்கிறது.

ரியாஸ் டிராயரிலிருந்து ஒரு ஃபிளாப்பியை எடுத்தான். லேபிளில் அவள் கையெழுத்து. என்னிடம் அவள் எழுதிய மளிகைச் சீட்டு ஒன்றுகூட இல்லை.

"உங்ககிட்ட எதுக்குக் குடுத்தா?"

"டெஸ்ட் பண்ணச் சொன்னாங்க." சிரித்தான். "உங்க மாடலப் பாத்துப்போட்டு, இது எங்க ஊட்டுக்காரரு மாதிரியே இருக்குதுங்க, காலையில சொன்னது சாயங்காலம் நெனப்பிருக்காதுன்னாங்க."

அதைச் சொல்லும்போது அவள் சிரித்திருக்கும் சிரிப்பு எனக்குத் தெரியும். மூக்கைச் சுருக்கிக்கொண்டு சிரிப்பாள். அதை இவன் முன்னால் சிரித்திருக்கிறாள்.

ஃபிளாப்பியைக் கம்ப்யூட்டரில் போட்டு ஃபைலைத் திறந்தேன். ஒரே வரி. மார்ச் 3, மாலை 4:12, மைனஸ் 4.18e-15. மின்னூட்டத்தை அளக்கும் கூலும் கணக்கில் ஒன்றுமில்லாத அளவு. ஏறக்குறைய இருபத்தாறாயிரம் எலெக்ட்ரான்கள்.

மார்ச் மூன்றன்று நான் அன்னூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தாள் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

"அன்னிக்கு இங்க வந்தாளா?"

"வந்தாங்க. மாத்திரையப் போட்டுட்டு உக்காந்திருந்தாங்க. ஊட்டுக்குப் போங்கன்னேன், கேக்கல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே."

ஃபிளாப்பியை வெளியே எடுத்து, அதன் மூலையிலிருந்த சின்னப் பூட்டை நகத்தால் தட்டிக் காட்டினான்.

"இதைய மட்டும் மூடிப்போடாதீங்க, தொறந்திருந்தாத்தான் மேல எதையும் எழுத முடியாது. காப்பி எடுத்து ஓட்டுங்க. இதுலயே ஓட்டினா அவங்க விட்டுட்டுப்போன நம்பர் மேல புது நம்பர் ஏறிரும். நானே காப்பியிலதான் டெஸ்ட் பண்ணினேன், இதுல ஒருக்காக்கூட ஓட்டலீங்க."

ஏழு மாதம் பத்திரமாக வைத்திருக்கிறான். அவள் புடவைகளை ஒரே வாரத்தில் அள்ளிக் கொடுத்தவன் நான்.

வெள்ளிக்கிழமை. தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று ரியாஸ் எழுந்தான். "வாரேனுங்க" என்று போனான்.

ஃபிளாப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பூட்டுத் துளை திறந்திருந்தது. அதன் வழியே, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு அவன் மைதானத்தைக் கடந்து போவது தெரிந்தது. கட்டைவிரல் நகத்தால் பூட்டைத் தள்ளினேன். இறுக்கமாக இருந்தது, பாதி வழியில் நின்றது. மிச்சமிருந்த பாதித் துளையில் அவன் இன்னும் நடந்துகொண்டிருந்தான்.