ஸ்ரேலீக் வீட்டுக்குப் போகிறாள்

இடுப்புக்குக் கீழே கையைக் கொடுத்து அக்கா மகதலேனாவைப் பிரெண்டா ஒருக்களித்துப் படுக்க வைக்கும்போதுதான் அவள் மறுபடியும் பேசத் தொடங்கினாள். பிரெண்டாவின் தோளில் ஈரத்துண்டு, கட்டில் மேல் திறந்து கிடந்த பவுடர் டப்பா. அறை வாசலில் நின்றிருந்த இராஜம்மா ஆன்டி உடனே இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார்.

"ஸ்தோத்திரம்! வந்திருச்சு பாருங்க, மறுபடியும் வந்திருச்சு!"

"ஆன்டி, துணி மாத்திக்கிட்டு இருக்கேன். கதவைச் சாத்துங்க."

"நீ பாட்டுக்கு மாத்தும்மா. ஆவியானவர் துணியெல்லாம் பாக்க மாட்டாரு."

ஆவியானவர் பார்க்க மாட்டார், சரி. ஹாலில் உட்கார்ந்திருந்த ஜெபக் குழுப் பெண்கள் எழுந்து வந்து எட்டிப் பார்க்கிறார்களே! பிரெண்டா காலாலேயே கதவைத் தள்ளிச் சாத்தினாள். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அல்லேலூயா சத்தம் எழுந்தது.

மூன்று நாளாக இதே கூத்துதான். மகதலேனா கம்போடியாவில் இருபது வருஷத்துக்கும் மேலாக மிஷனரியாக இருந்தவள். மார்ச்சில் பக்கவாதம் வந்து விழுந்தவளை விமானத்தில் படுக்கவைத்துச் சொந்த ஊரான கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் தடவையும் வந்த பிறகு, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வீடு என்றால் தங்கை பிரெண்டாவின் வீடு, வேறு எது? முதலில் கொழகொழவென்று கொஞ்சம் தமிழ் வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது. அப்புறம் ஒருநாள் வாயைத் திறந்தபோது யாருக்கும் புரியாத ஒன்று தடையில்லாமல் கொட்டியது.

இராஜம்மா ஆன்டிக்கு அதில் சந்தேகமே இல்லை. அந்நிய பாஷை, ஆவியானவரே நாவில் இறங்கிப் பேசுவது. சாகப்போகிற ஊழியக்காரிக்குப் பரலோகம் முன்கூட்டியே திறந்திருக்கிறது. கைபேசியில் பதிவு செய்து சபை வாட்சப் குழுவில் போட்டார். ஆமென்களும் கூப்பிய கைகளும் வந்து குவிந்தன. பாஸ்டரே ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சொல்லப்போவதாகச் செய்தி. தம்பி லியோனல் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து போன் போட்டுக் குழந்தை மாதிரி அழுதான். இன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தான்.

பிரெண்டாவுக்கு மட்டும் அது பரலோகமாகப் படவில்லை. எத்தனை வருஷம் போனில் கேட்டிருக்கிறாள்! அக்கா தமிழில் பேசிக்கொண்டே இருப்பாள், நடுவில் முகத்தைத் திருப்பி யாரையோ அதட்டுவாள். இதே இழுவை, இதே வெட்டு.

"ஆன்டி, இது கெம்போஜா பாஷை லா. அங்க இதத்தானே பேசிக்கிட்டு இருந்தாங்க," என்று முதல் நாளே சொல்லிப் பார்த்தாள்.

"கெம்போஜா பாஷைக்கு எனக்கு ஏன்மா உடம்பெல்லாம் சிலிர்க்குது?"

பிரெண்டா கஞ்சி கலக்கப் போய்விட்டாள்.

உண்மையைச் சொன்னால், பிரெண்டாவுக்கு வேண்டியது பரலோகமும் இல்லை, கம்போடியாவும் இல்லை. தன்னைப் பற்றி அக்காவின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வேண்டும். அம்மா படுக்கையில் விழுந்தபோது மகதலேனா அங்கே செங்கல் சூளை ஒன்றின் பக்கத்தில் வீடு எடுத்து, கூலிக்காரப் பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போட்டு, எழுத்தும் வேதக் கதையும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பிரெண்டா இங்கே பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலையையும் பார்த்துக்கொண்டு, காலையிலும் மாலையிலும் அம்மாவைக் குளிப்பாட்டினாள். வந்த இரண்டு வரன்களும் அந்தக் கட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அக்கா லீவில் வருவாள். சபை சபையாகப் போய்ப் படம் காட்டுவாள். பிரிக்பீல்ட்சில் ஒரு கூட்டம், பந்திங்கில் ஒரு கூட்டம். சூளைத் தூசி படிந்த பிள்ளைகளைத் திரையில் பார்த்து ஜனங்கள் அழுவார்கள். பிரெண்டா கடைசி வரிசையில் உட்கார்ந்து, வீட்டில் அம்மாவுக்கு மருந்து கொடுக்கிற நேரம் ஆகிறதே என்று தவிப்பாள். அம்மா செத்தபோதும் அக்கா வந்தாள். வந்தவள், ஸ்ரேலீக் என்கிற பெண் படிப்பை விட்டுவிட்டு மறுபடியும் சூளைக்குப் போய்விட்டாளாம் என்று மூன்றாம் நாளே கிளம்பிவிட்டாள். விமான நிலையத்தில் பிரெண்டாவின் தோளைத் தட்டி, "உடம்பப் பாத்துக்க," என்றாள். அவ்வளவுதான். பிரெண்டாவுக்கு வயிறு எரிந்தது. அன்று எரிந்தது இன்னும் அணையவில்லை.

படுத்த படுக்கையாக அக்கா வந்து இறங்கியபோது, இனி எங்கேயும் ஓட முடியாது, ஒருநாள் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று பிரெண்டா நினைத்தாள். இப்படி நினைத்ததற்காக ஜெபத்தில் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள். ஆனால் நினைப்பதை விடவில்லை.

இப்போது மகதலேனாவின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. கண்கள் பிரெண்டாவை விட்டு அகலவில்லை. ஒரே வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஏதோ கேட்கிறாள், கெஞ்சுகிறாள், நடுவில் கோபமும் படுகிறாள். பிரெண்டா துண்டை உதறிப் போட்டுவிட்டுக் கார் சாவியை எடுத்தாள்.

"எங்கக்கா போற? இந்த நேரத்துல?" என்றான் லியோனல்.

"பாசார் மாலாமுக்கு."

லியோனல் வாயைப் பிளந்தான்.

புதன்கிழமை இரவுச் சந்தையில் துணிக்கடை போடுகிற ரொக்கியா கம்போடியாவில் பிறந்து வளர்ந்தவள். அக்காவுக்குச் சாரோங் வாங்கும்போது பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். பிரெண்டா போனபோது அவள் கூடாரத்துக்குக் கம்பி நட்டுக்கொண்டிருந்தாள். "காக், ஒரு உதவி," என்று அக்கா முறை வைத்து மலாயில் தொடங்கிப் பாதிதான் சொல்லியிருப்பாள். ரொக்கியா தலைத்துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டு, கடையைப் புருஷனிடம் விட்டுவிட்டுக் காரில் ஏறிவிட்டாள்.

தலைத்துணியோடு ஒரு பெண் உள்ளே வருவதைப் பார்த்ததும் ஹாலில் பாட்டு பாதியில் நின்றது. லியோனல் பிரெண்டாவைச் சமையலறைப் பக்கம் இழுத்தான்.

"அக்கா, அவங்க முஸ்லிம். இங்க பைபிளு, ஜெபம்... மதம் மாத்துறோம்னு நாளைக்கு யாராச்சும் கம்ப்ளெயின் பண்ணா?"

"பண்ணா என்கிட்ட வரச் சொல்லு. நான்தான் கூட்டிட்டு வந்தேன்."

ரொக்கியா கட்டிலருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து குனிந்து, மெல்ல ஏதோ கேட்டாள். மகதலேனாவின் கண்கள் சட்டென்று அவள் பக்கம் திரும்பின. மூன்று நாளில் முதல் தடவையாக அவளுக்குப் பதில் கிடைத்திருக்கிறது. மூச்சு வாங்க வாங்கப் பேசினாள். ரொக்கியா கேட்டுக் கேட்டுத் தலையாட்டினாள். நடுவில் சிரித்துக்கூட விட்டாள்.

"என்ன சொல்றாங்க? தரிசனமா?" இராஜம்மா ஆன்டி கைகளைத் தூக்கியபடி கதவோரம் வந்து மலாயில் கேட்டார்.

"இல்ல ஆன்டி," என்றாள் ரொக்கியா, அவளும் மலாயில்தான். "இருட்டப்போகுது, வீட்டுக்குப் போங்கிறாங்க. அம்மா தேடுவாங்களாம். சைக்கிள்ல லைட்டு எரியலன்னா ஏறாத, தள்ளிக்கிட்டே போங்கிறாங்க."

தூக்கியிருந்த கைகளை இராஜம்மா ஆன்டி மெதுவாகக் கீழே இறக்கினார்.

"யாரை?" என்றாள் பிரெண்டா.

"உங்களத்தான். உங்களப் பாத்துத்தான் சொல்றாங்க. ஸ்ரேலீக்னு கூப்பிடுறாங்க."

அந்தப் பெயர் பிரெண்டாவைச் சுருக்கென்று குத்தியது. மூன்று நாளாக அக்கா ஒரு பெண்ணை வீட்டுக்குப் போகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளோ போகாமல் முன்னாலேயே நிற்கிறாள். போதாததற்கு இன்னும் பத்துப் பேர் சேர்ந்துகொண்டு அல்லேலூயா போடுகிறார்கள். அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும்!

மகதலேனா மறுபடியும் பேசினாள். இந்தத் தடவை குரல் கொஞ்சம் உயர்ந்தது. ரொக்கியா பிரெண்டாவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"சொல்லுங்க காக். என்னன்னாலும் பரவாயில்ல."

"கோவிச்சுக்கிறாங்க. எனக்கு ஊர்ல தங்கச்சி இருக்கா, எங்கம்மாவ அவ பாத்துக்குவா, அதனாலதான் என்னால இங்க வந்து உக்கார முடிஞ்சுது. உனக்கு யாரு இருக்கா? உங்கம்மாவுக்கு உன்ன விட்டா ஆளில்ல. எந்திரிச்சுப் போடி... அப்படின்னு."

லியோனல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பிரெண்டா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். வந்தேவிட்டது, காத்திருந்த வார்த்தை. யாரோ ஒரு சூளைக்காரப் பெண்ணுக்குச் சொன்னது, கம்போடிய பாஷையில் புறப்பட்டு, துணிக்கடைக்காரி வாயில் மலாயாகி வந்து சேர்ந்திருக்கிறது. இதையே என்றைக்காவது ஒரு லீவில் இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் என்ன? சந்தோஷமாகத்தான் இருந்தது. அக்காவின் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

"அக்கா, நான் பிரெண்டா. அந்தத் தங்கச்சி நான்தான்."

மகதலேனா அதைக் காதில் வாங்கவில்லை. தலையணையில் தலையை அப்படியும் இப்படியும் புரட்டினாள். பழைய வார்த்தைகளே மறுபடியும் வந்தன. ஒவ்வொன்றுக்கும் நெஞ்சுக்கூடு ஏறி இறங்கியது.

பிரெண்டா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "காக், 'சரி டீச்சர், நான் வீட்டுக்குப் போறேன்'னு எப்படிச் சொல்றது?"

ரொக்கியா சொல்லிக்கொடுத்தாள். நாக்கு புரளவில்லை, இரண்டு மூன்று தடவை முணுமுணுத்துப் பார்த்தாள். பிறகு அக்காவின் முகத்தருகே குனிந்தாள்.

"ச்சா, நெயக் க்ரூ. க்ஞோம் தௌ ப்தியா ஹாய்."

மகதலேனாவின் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. ம் என்றாள். ஆனால் கண்ணை மூடவில்லை. பிரெண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் மறுபடியும் அசையத் தொடங்கின.

"போனாத்தான் நம்புவாங்க போல," என்றாள் ரொக்கியா தாழ்ந்த குரலில்.

பிரெண்டா அக்காவின் கையைப் பார்த்தாள். பிடித்தால் விடமுடியாது என்று தோன்றியது. பிடிக்கவில்லை. போர்வையை மட்டும் இழுத்துக் காலை மூடிவிட்டு அறையை விட்டு வெளியே வந்தாள். ஹாலில் பெண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். வாசலில் சிலிப்பரை மாட்டிக்கொண்டு நடந்தாள். கட்டிலுக்கு நேராகத்தான் ஜன்னல், அதிலிருந்து பார்த்தால் கேட் தெரியும். அதனால் கேட்டைத் திறந்து, தெருவுக்குப் போய், கேட்டைச் சாத்தி, மதில் மறைவில் நின்றுகொண்டாள். அம்மாவோ அக்காவோ வீட்டில் படுத்திருக்கும்போது அவள் இப்படி வேலை ஏதுமில்லாமல் தெருவில் நின்றதே கிடையாது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எதிர்வீட்டில் யாரோ காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சோப்பு நீர் சாக்கடைக்குள் ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து ரொக்கியா முன்வாசலுக்கு வந்தாள்.

"கண்ண மூடிட்டாங்க."

"உள்ள வரவா?"

"கொஞ்சம் பொறுங்க. லேசா இருக்கு மூச்சு. இப்ப வந்து எழுப்பிடாதீங்க."

சரி என்று தலையாட்டினாள் பிரெண்டா. ரொக்கியா உள்ளே போனாள். பிரெண்டா மதிலில் சாய்ந்து நின்றாள். உள்ளே ஜெபச் சத்தம்கூட இல்லை. இராஜம்மா ஆன்டி வாயை மூடிக்கொண்டு இருந்து அவள் பார்த்ததே இல்லை.

பிறகு லியோனல், "பெரியக்கா!" என்று அலறுவது கேட்டது. இன்னொரு தடவையும் கேட்டது. இராஜம்மா ஆன்டி பாமாலை ஒன்றை எடுத்தார். முதல் அடியிலேயே குரல் உடைந்துபோக, மற்றப் பெண்கள் அதை வாங்கிப் பாடினார்கள்.

பிரெண்டா உடனே உள்ளே போகவில்லை.

தெருமுனையில் ஹார்ன் சத்தம். ரொட்டிக்கார விமலன் மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் பொட்டலங்கள் தொங்க வந்து நின்றான்.

"என்ன ஆன்டி, ரோட்டுல நிக்கிறீங்க?"

"ரொட்டி எவ்ளோ இருக்கு?"

"இருக்கு ஆன்டி. ஒண்ணா, ரெண்டா?"

"எல்லாத்தையும் குடு. ஆளுங்க வருவாங்க."

விமலன் அவளைப் பார்த்தான், வீட்டுப் பக்கம் காது கொடுத்தான். ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, ரொட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவள் கைகளில் அடுக்கினான். முகவாய் வரை வந்துவிட்டது.

"கேட்டத் தொறந்து விடு தம்பி," என்றாள்.