இடது பக்கத்துச் சுவர்

மருதப்பன் தான் குடியிருக்கும் வீட்டை ஒருநாளும் பார்த்ததில்லை. கண் அழுத்த நோயால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகிவந்த பார்வை ஆறு வருடத்துக்கு முன்னால் முழுதாக மறைந்துபோனது. ஃபேரர் பார்க் வட்டாரத்தில் ஒன்பதாம் மாடியில் இருக்கும் இந்த வீட்டுக்கு அவரும் லீலாவும் குடிவந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. பஸ் டிப்போவில் இருபத்திரண்டு வருடம் மெக்கானிக்காக இருந்த மனிதர், இப்போது காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு ஹோட்டலுக்கு வரும் முன்பதிவு அழைப்புகளை வீட்டிலிருந்தே எடுத்துப் பேசுகிறார். லீலா ஒரு பல் கிளினிக்கில் உதவியாளர். பிள்ளைகள் இல்லை. இருவர் மட்டும்தான்.

வீடு கூட்டுவது மருதப்பனின் பங்கு. யாரும் அவரிடம் கொடுத்ததல்ல, அவராகவே எடுத்துக்கொண்டது. முதலில் துடைப்பத்தால் கூட்டுவார். பிறகு செருப்பில்லாத காலால் தரையெல்லாம் தடவிக்கொண்டே நடப்பார். ஓர் அரிசி கிடந்தாலும் உள்ளங்காலுக்குத் தெரிந்துவிடும் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஒரு வியாழக்கிழமை விடிகாலையில் தாகம் எடுத்து எழுந்தவர், அறை வாசலிலேயே நின்றுவிட்டார். ஹாலில் துடைப்பம் போய்க்கொண்டிருந்தது. மெதுவாக, சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்ற கவனத்தோடு. முந்தின நாள் மாலைதான் அந்த ஹாலை அவர் மூலைமுடுக்கு விடாமல் கூட்டியிருந்தார். அவர் தண்ணீர் குடிக்கவில்லை. திரும்பி வந்து படுத்து, லீலா வந்து எழுப்பும்வரை தூங்குகிறவர் போலவே கிடந்தார்.

சனிக்கிழமை காலைத் தேநீரின்போது அவரே பேச்சை எடுத்தார். தானாகவே வீடு கூட்டும் மெஷின் ஒன்று விற்கிறதாமே, வாங்கிவிடலாமா என்று கேட்டார். லீலா வேண்டவே வேண்டாம் என்றாள். இந்தச் சின்ன வீட்டுக்கு அது எதற்கு, நீங்கள்தான் நன்றாகக் கூட்டுகிறீர்களே என்றாள். கடைசி வார்த்தைகளில் அவள் குரல் லேசாகத் தடுக்கியது அவர் காதுக்குத் தப்பவில்லை.

உண்மையில் அவருக்கும் அந்த மெஷின் மேல் ஆசையில்லை. தரையில் இங்குமங்கும் ஓடுகிற ஒரு பொருள், கண் தெரியாதவன் காலில் சிக்காமல் என்ன செய்யும்? ஆனால் பொழுது விடியுமுன் மனைவி திருட்டுத்தனமாகக் குனிந்து கூட்டும் சத்தத்தை இன்னொரு தடவை கேட்க அவரால் முடியாது. வாங்காவிட்டாலும் போகிறது, பார்த்துவிட்டாவது வருவோம் என்று அவளைக் கிளப்பினார்.

அஹமது கபீரின் கடை ஜாலான் புசார் தெருவில், இரும்புச் சாமான் கடைகளுக்கு நடுவில் இருக்கிறது. மின்விசிறி, ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி என்று வீட்டுச் சாமான்கள் விற்பவர். டிப்போ நாள்களிலிருந்தே பழக்கம். கபீர் விளக்கம் சொல்லத் தொடங்குமுன் மருதப்பன் இரண்டு கையையும் நீட்டினார். வாங்கிய மெஷினை மடியில் கவிழ்த்துப் போட்டுத் தடவ ஆரம்பித்தார். பெரிய தோசைக்கல் அளவு வட்டம். ஸ்பிரிங் வைத்த இரண்டு சக்கரங்கள். முன்னால் எந்தப் பக்கமும் திரும்பும் ஒரு சின்னச் சக்கரம். ஓரத்தில் மூன்று கால் வைத்த பிரஷ், நடுவில் உருளை, முன்புறம் இடித்தால் உள்ளே அமுங்கும் வளைந்த தகடு. செய்திருக்கிறவன் வேலை தெரிந்தவன் என்று ஒத்துக்கொண்டார். ஒன்று மட்டும் அவருக்குப் புரியவில்லை.

"இதுக்குக் கண்ணு எங்க இருக்கு, கபீர்?"

"கண்ணே கிடையாதுண்ணே." கபீர் அவர் விரலைப் பிடித்து மெஷினின் தலையில் இருந்த சின்னக் குமிழின் மேல் வைத்தார். "உள்ள ஒரு லேசர் சுத்திக்கிட்டே இருக்கும். சுவத்துல பட்டுத் திரும்பி வரும். அத வச்சு எது எவ்வளவு தூரம்னு கண்டுபிடிச்சுக்கும்."

"லைட்ட அணைச்சுட்டா?"

"இருட்டும் வெளிச்சமும் அதுக்கு ஒண்ணுதான்ணே."

மருதப்பன் குமிழிலிருந்து விரலை எடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற லீலா அவர் முகத்தைப் பார்த்தாள். டிப்போவில் புது எஞ்சின் வந்து இறங்கிய நாள்களில் வீட்டுக்கு வந்து அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பாரே, அந்த முகம். அதை அவள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. வாங்கத்தான் வேண்டுமென்று கபீரும் வற்புறுத்தவில்லை. கடையில் காட்டுவதற்காக வைத்திருந்த அந்த மெஷினையே பையில் போட்டுக் கொடுத்து, ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், சரிப்படவில்லை என்றால் அடுத்த சனிக்கிழமை கொண்டுவந்து கொடுங்கள் லா என்று அந்த ஊர்ப் பேச்சு வழக்கில் சொல்லி அனுப்பிவைத்தார்.

முதல் நாள் நன்றாக இல்லை. மெஷின் சோபாவுக்குப் பக்கத்தில் கிடந்த சார்ஜர் வயரை விழுங்கிவிட்டு நின்றது. சாமி மேடைக்கு அடியில் நுழைந்து வெளியே வரத் தெரியாமல் முட்டிக்கொண்டிருந்தது. லீலாவின் கைப்பையை அறை முழுக்கத் தள்ளிக்கொண்டு போனது. இதை ஓட்ட வேண்டுமென்றால் முதலில் தரையில் எதுவும் இருக்கக் கூடாது என்று லீலா கண்டுகொண்டாள். அன்றைக்கே பையை ஆணியில் மாட்டினாள், செருப்புகளை அலமாரிக்குள் வைத்தாள், வயர்களைச் சுருட்டிக் கட்டினாள். தரையில் சாமான் வைக்காதே என்று மருதப்பன் நான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மெஷின் ஒரே நாளில் சாதித்துவிட்டது. அவருக்குச் சிரிப்பும் வந்தது, உள்ளே எங்கோ சுருக்கென்றும் இருந்தது.

இரண்டாம் நாள், திங்கட்கிழமை, அழைப்புகள் ஓய்ந்த மதிய நேரத்தில், அவர் மெஷினைத் தட்டிவிட்டு அதன் பின்னாலேயே வெறுங்காலோடு நடந்தார். சாப்பாட்டு மேசைக்கு அடியில் அது நுழைந்தபோது மண்டியிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். நாற்காலிக் கால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதன் மோட்டார்ச் சத்தம் தாழ்ந்தது. மிக லேசாகத் தொட்டது. பின்வாங்கியது. காலைச் சுற்றிக்கொண்டு அடுத்த காலுக்குப் போனது. அவரும் அப்படித்தான். புதிதாக ஓர் இடத்துக்குப் போனால் விரல் நுனியால் தொட்டு, விலகி, மறுபடி தொட்டு, அதன் பிறகுதான் காலை எடுத்து வைப்பார். அதற்கு அவர் கூச்சப்படுவதுண்டு. இது கூச்சப்படவில்லை. பதினாறு நாற்காலிக் கால்களையும் பொறுமையாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நேராக நடு ஹாலுக்குப் போய், விட்ட இடத்திலிருந்து பிசகாமல் வேலையைத் தொடர்ந்தது. மருதப்பன் மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டார். இத்தனை காலம் இயந்திரங்களோடு கிடந்தவருக்கு, ஓர் இயந்திரத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலத் தோன்றியது அன்றுதான்.

மாலை லீலா வேலையிலிருந்து வந்ததும் மெஷினின் குப்பைப் பெட்டியைத் திறந்தாள். அவர் எழுந்து போய் அதற்குள் விரலை விட்டார். தலையணைப் பஞ்சு மாதிரி மெத்தென்று, நிறைய இருந்தது. காலையில்தான் அவர் கூட்டியிருந்தார்.

"நீ விடியக்காலையில எழுந்து கூட்டுறது எனக்குத் தெரியும், லீலா."

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். "எத்தன நாளா தெரியும்?"

"போன வியாழக்கிழமையிலேர்ந்து. நீ எத்தன நாளா கூட்டுற?"

"மூணு வருஷம் இருக்கும்," என்றாள் அவள். அவர் அந்தப் பஞ்சுக் குப்பையைத் தன் கையாலேயே கொட்டிவிட்டு வந்து, அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மறுநாள் விடிகாலை ஹாலில் சத்தமில்லை. லீலா ஏழு மணிவரை தூங்கினாள்.

புதன்கிழமை லீலா கைபேசியைப் பார்த்துக்கொண்டே சலித்துக்கொண்டாள். மெஷின் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு படம் போட்டு வைத்திருக்கிறதாம், கைபேசியில் தெரிகிறதாம். எல்லாம் சரியாக இருக்கிறது, ஹாலிலிருந்து படுக்கையறைக்குப் போகும் வழி மட்டும் கோணலாக விழுந்திருக்கிறது, இதற்கு அங்கே கணக்குத் தெரியவில்லை என்றாள்.

மருதப்பன் ஹெட்போனைக் கழற்றினார். எந்தப் பக்கம் கோணல் என்று கேட்டார். இடது பக்கம் என்றாள். மறுபடியும் ஓட்டச் சொன்னார். மறுபடியும் இடது பக்கம் கோணலாகவே விழுந்தது. மூன்றாவது தடவை ஓட்டிவிட்டு, "அதேதாங்க. போகப் போக வழி குறுகுது. புனல் மாதிரி," என்றாள்.

அவர் சட்டையைத் தளர்த்தி இடது தோளைக் காட்டினார். கன்றிப்போயிருந்தது. படுக்கையறை வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் அவர் தினமும் அந்தத் தோளை இடித்துக்கொள்வார். மேசை விளிம்பில் பட்டது என்று சொல்லிவைத்திருந்தார். சொல்லாமல் வைத்திருந்தது வேறு. பார்வைக்கு அடுத்தபடியாகத் திசையும் தன்னைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று ஒன்றரை வருடமாக அவர் பயந்துகொண்டிருந்தார். சொந்த வீட்டில் பத்து அடி நேராக நடக்கத் தெரியாதவன் நாளைக்குத் தெருவில் எப்படி நடப்பான்? அதனால்தான் சாயங்கால நடையை நிறுத்தியிருந்தார். முழங்கால் வலி என்று லீலாவிடம் சொல்லியிருந்தார்.

லீலா தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்துவந்தாள். ஹால் பக்கத்து முனையில் ஒரு நுனியை அவர் பிடித்துக்கொள்ள, மறுநுனியை அவள் சுவரில் வைத்தாள். நாற்பத்து மூன்று அங்குலம். படுக்கையறைப் பக்கம் போய் அதே மாதிரி பிடித்தார்கள். அவள் டேப்பை எடுத்து இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள்.

"முப்பத்தெட்டு," என்றாள்.

மருதப்பன் இடது சுவரைத் தட்டினார். வலது சுவரையும் தட்டினார். வலது பக்கம் சிமெண்ட். இடது பக்கம் டொக்கென்று ஒலித்தது, உள்ளே வெற்றிடம். முன்பு இருந்தவர்கள் எதையோ மறைக்கப் பலகைச் சுவர் அடித்திருக்கிறார்கள். அடித்தவன் கோணலாக அடித்துவிட்டுப் போயிருக்கிறான். மேலே பூசி வெள்ளையும் அடித்திருப்பதால் யாருக்கும் தெரியவில்லை.

"நான் நேராத்தான் நடந்திருக்கேன், லீலா," என்றார்.

லீலா அந்த வழியின் முனையில் நின்று பார்த்தாள். இப்போது, தெரிந்த பிறகும், அவள் கண்ணுக்கு அது நேராகவே தெரிந்தது. ஒரு நாளைக்கு இருபது தடவை அதில் நடக்கிறாள். அவளுக்குத் தெரியாததை, அவருக்குத் தோளில் மட்டும் தெரிந்ததை, கபீர் கடையிலிருந்து இரவலாக வந்த ஒரு வட்டம் நான்கே நாளில் கண்டு சொல்லியிருக்கிறது. அவர் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். அழுகிறாரோ என்று பயந்து கிட்டே போனாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

வாங்குவதா வேண்டாமா என்ற பேச்சு வெள்ளிக்கிழமை வந்தது. மருதப்பன் மெக்கானிக்காகவே பேசினார். உருளையில் முடி சுற்றிக்கொள்கிறது, இரண்டு நாளைக்கு ஒரு தடவை கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க வேண்டும். மூலைக்குள் பிரஷ் முழுதாகப் போவதில்லை. கழிவறைத் திட்டைத் தாண்டாது. அதற்கு முன்னால் ஓடி எல்லாவற்றையும் எடுத்துவைக்க ஓர் ஆள் வேண்டும். சுவரைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டது, அது ஒரு தடவை செய்கிற வேலை, அதற்காக வாங்க முடியாது என்றார். லீலா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இந்த வாரம் நான்கு நாள் தான் ஏழு மணிவரை தூங்கியதாகச் சொன்னாள். மூலைகளை நீங்கள் கூட்டுங்கள், மீதியை அது கூட்டட்டும் என்றாள்.

அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. சனிக்கிழமை இரவல் மெஷினைத் துடைத்து எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அதே மாடலில் புதிது ஒன்று வாங்கிவந்தார்கள். சுவர் விஷயத்தைக் கேட்ட கபீர் பில் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். இருபது மெஷின் விற்றிருப்பேன், இப்படி ஒன்று கேட்டதில்லைண்ணே என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மருதப்பன் ஒரு விநோதமான காரியம் கேட்டார். புது மெஷினைக் கீழே கொண்டுபோக வேண்டும். அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிப் புளோக்கின் தரைத்தளத்தில், தூண்கள் மட்டும் நிற்கும் அந்தத் திறந்த இடத்தில் ஒரு தடவை விட்டுப் பார்க்க வேண்டும். லிஃப்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போகும் கோடு ஒன்றைத் தவிர அந்த இடத்தில் அவருக்கு வேறெதுவும் தெரியாது. லீலா முதலில் தயங்கினாள், யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றாள். பிறகு அவளே அதைத் தூக்கிக்கொண்டாள்.

கீழே அவ்வளவாக ஆள் நடமாட்டம் இல்லை. கல் மேசையில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த இரண்டு சீனப் பெரியவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மெஷின் புறப்பட்டது. லீலா கைபேசியில் வருவதைப் பார்த்துப் பார்த்து அவர் முதுகில் விரலால் வரைந்தாள். இது லிஃப்ட். இது தபால் பெட்டிகள். இங்கே ஒரு தூண். இங்கே இன்னொன்று. அவள் விரல் அவர் வலது தோளைத் தாண்டியது. மறுபடி இடது தோளுக்கு வந்து, அதையும் தாண்டியது. முதுகில் இடம் போதவில்லை.

"இவ்வளவு பெரிய இடமா இது?" என்று கேட்டார். குரல் தாழ்ந்திருந்தது, கோயிலுக்குள் பேசுகிற மாதிரி. "இன்னும் போகுதா?"

"போகுதுங்க. அந்தக் கடைசித் தூண்கிட்ட போய்ட்டு இருக்கு."

மருதப்பன் தன் மடக்குக் கைத்தடியை விரித்தபடியே கையில் பிடித்துக்கொண்டார். ஆனால் அதைத் தரையில் ஊன்றவில்லை. மெஷின் சத்தம் வந்த பக்கமாக, நான்கு வருடத்தில் ஒருமுறைகூட மிதிக்காத தரையில், காலை எடுத்துவைத்து நடக்க ஆரம்பித்தார்.